ஏறிய கியரில் இறங்கு

கண்டி வாவியை விட்டுப் பிரிந்து அம்பிட்டிய ரோட்டில் ஏறத் தொடங்கியதுமே வண்டிகளின் குரல் மாறிவிடும். வாவிக்கரையில் முணுமுணுத்துக்கொண்டு வந்த எஞ்சின் முதல் வளைவு தாண்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கும். வருவது பெட்ஃபோர்ட் லொறியா, லேலண்ட் பஸ்ஸா, மொரிஸ் மைனரா என்று பதினேழு வயதில் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன். இறங்கிவரும் வண்டிகளை மூக்கால் அறிவோம். சூடேறிய பிரேக் லைனரின் வாடை, வண்டி போன பிறகும் வளைவில் கொஞ்ச நேரம் தங்கி நிற்கும். அது எட்டியதும் பாஸ் வேலையை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்ப்பார். "கியர் போடாம வாறான்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி குனிவார்.

அது 1979. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். அப்பா தலாத்துஓயாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். மாமா வீடு அம்பிட்டியவில், 13ஆம் லியோ பாப்பரசர் 1893இல் நிறுவிய குருமடம் இருக்கும் குன்றுக்குக் கீழே. சும்மா இருக்கிற பையன் கெட்டுப்போவான் என்று மாமா உறுதியாக நம்பினார். ஒரு திங்கட்கிழமை காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரக் கராஜ் ஒன்றில் விட்டார்.

"பாஸ், இவனுக்குக் கொஞ்சம் தொழில் சொல்லிக்குடுங்க. சம்பளம் வேணாம். பகல் சாப்பாடு குடுத்தாப் போதும்."

பாஸ் என்றால் முதலாளி என்று வெளியூர் வாசகர்கள் நினைக்கலாம். மேசன், தச்சர், மெக்கானிக் என்று கைத்தொழில் அறிந்த மனிதரை இலங்கையில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பது. எங்கள் பாஸ் சிங்களவர். இளவயதில் தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்கு லொறி ஓட்டியவர். பேசிய தமிழ் முழுக்க லயத்துத் தமிழ். என்னை "புத்தா" என்று கூப்பிட்டு, மீதியைத் தமிழில் சொல்லுவார். புத்தா என்றால் மகனே.

கராஜ் என்பது ஒரு பலா மரம், நான்கு தூண், தகரக் கூரை, நடுவில் ஒரு குழி. குழிக்கு மேலே வண்டியை நிறுத்திவிட்டு கீழே இறங்கிப் பார்ப்போம். மழை பெய்தால் குழிக்குள் தண்ணீர் ஊறும். அம்பிட்டியவில் மழை பெய்யாத வாரம் குறைவு. அங்கே வந்த வண்டிகளில் பெரும்பாலானவை என்னைவிட வயதில் மூத்தவை. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் வேன்கள் ஒவ்வொன்றாகக் கண்டிக்கு ஏறி வந்தன. ஆனால் எங்கள் குழிக்கு வந்தவை ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன். உதிரிப்பாகம் கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். ஆகவே எதையும் தூக்கி எறிவதில்லை. தேய்ந்த புஷ்ஷை லேத்தில் கடைந்து எடுப்போம். பழைய பிரேக் ஷூவில் புது லைனரை வைத்து ரிவெட் அடிப்போம். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூசியை வாயால் ஊதித் தள்ளுவோம். அன்றைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று எங்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. அந்தக் குழியில் நின்று ஊதிய பையன்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

முதல் இரண்டு வாரம் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் கிரீஸ் துடைப்பதும்தான் வேலை. மூன்றாம் வாரம் ஒரு மொரிஸ் மைனரின் பொனட்டைத் திறந்து வைத்து, பாஸ் என்னைக் கூப்பிட்டார்.

அந்த வண்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் அது. பின்னாளில் மினியை உருவாக்கியவரும் அவர்தான். மாதிரி வண்டி தயாரான பிறகு அதன் அகலம் கண்ணுக்குச் சரிப்படவில்லை என்று, அதை நெட்டுவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் 4 அங்குலம் விட்டு ஒட்டச் சொன்னார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்தக் கூடுதல் 4 அங்குலத்தின் தழும்பு. தகரத்தைத் தட்டி நிமிர்த்தும்போது அந்தப் பட்டி கோணாமல் இருக்கிறதா என்று பாஸ் விரலால் நீவிப் பார்ப்பார். இலங்கையர்களுக்கு இந்தக் கார் மேல் இன்றும் ஒரு தனிப் பாசம் உண்டு. கண்டியில் இப்போதும் கல்யாண ஊர்வலத்தில் ஒன்றாவது பளபளத்துக்கொண்டு போகும்.

"பிளக் நாலையும் கழட்டு" என்றார் பாஸ். கழற்றினேன். முன் பம்பர் வழியாக ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகி, அதைக் கராஜில் எனக்கு மூத்தவரான அண்ணனிடம் கொடுத்தார். என் வலது கைக் கட்டைவிரலை எடுத்து ரேடியேட்டர் பக்கத்து முதல் துளையில் அழுத்தி வைத்தார். "கண்ண மூடு. என்ன நடக்குதுன்னு சொல்லு."

அண்ணன் மெல்லச் சுற்றினார். துளை என் விரலை உள்ளே இழுத்தது. கன்றுக்குட்டி விரலைச் சப்புவது போல. பிறகு உள்ளிருந்து ஒரு அழுத்தம் வந்தது. விரலை எவ்வளவு அழுத்தியும் 'புஸ்' என்று தள்ளிவிட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. லேசான இழுவை, லேசான காற்று. மறுபடியும் உள்ளிழுப்பு.

"இழுக்குது, தள்ளுது, சும்மா இருக்குது, சும்மா இருக்குது" என்றேன்.

"சும்மா இல்ல. மூணாவதுலதான் வேலையே. நெருப்பு வைக்காததால உனக்குத் தெரியல."

உள்ளெடுத்தல், அமுக்கம், வலு, வெளியகற்றல் என்று பாடப்புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்திருந்த நாலடிப்பு எஞ்சின் அன்று என் கட்டைவிரலுக்குள் வந்தது. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் ஓட விட்ட எஞ்சினின் ஒழுங்கும் இதேதான். நான்கு அடிப்பில் ஒன்று மட்டும் உழைக்கும், மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்குத் தயார் செய்யும், அதன் எச்சத்தை அப்புறப்படுத்தும். பிஸ்டனுக்குப் புத்தகத்தில் முசலம் என்று பெயர். முசலம் என்றால் உலக்கை. அம்மா உரலில் மா இடிக்கும்போது உலக்கை எழும்பி விழுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று அதுவரை தோன்றவில்லை. உலக்கையைத் தூக்கி இறக்க அம்மாவின் கை இருந்தது. இங்கே எரிகிற பெற்றோல் கலவையே உலக்கையைத் தள்ளுகிறது. மேலும் கீழுமான அந்த ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட்.

பிறகு நான்கு துளைக்கும் நான்கு விரல். ஆளுக்கு இரண்டு கட்டைவிரலாக இரண்டு பேர் நின்றோம். அழுத்தம் எந்த வரிசையில் வருகிறது என்று பாஸ் கேட்டார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. மூன்று தடவை சுற்றியும் அதேதான். டிஸ்ட்ரிபியூட்டர் வயர்களை மாற்றிப் போட்டால் எஞ்சின் ஏன் இருமும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் செக்கனுக்கு 25 தடவை நெருப்புப் பற்ற வேண்டும். பொயின்ட் இடைவெளி 15 தவ், டெப்பட் இடைவெளி 12 தவ் என்று பாஸ் அளந்து வைப்பார். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் விட்டு இழுக்கும்போது கனத்த புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை உருவுவது போலப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இறுக்கமாகவும் கூடாது, வழுக்கிக்கொண்டும் வரக்கூடாது. அந்தப் பிடிமானத்தை விரலுக்குப் பழக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

கியர் பாடம் ஒரு சோக்குக் கட்டியோடு நடந்தது. அது என் வாழ்க்கையில் மறக்காத பாடம். அதற்குக் காரணம் நான் சொன்ன தவறான விடை.

அதே போன்ற இன்னொரு மொரிஸ், 948 சீசீ எஞ்சின். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, பின்பக்க இடது சில்லை மட்டும் ஜக் போட்டுத் தூக்கினார் பாஸ். டயரில் சோக்கால் ஒரு கோடு. முதலாம் கியர் போட்டாயிற்று. பிளக் நான்கும் வெளியே. "ஹேண்டிலச் சுத்து. கோடு ஒரு சுத்து வர எத்தன தடவ சுத்துறேன்னு எண்ணு." எண்ணினேன். எட்டேகால் சுற்று அளவில் கோடு பழைய இடத்துக்கு வந்தது.

"எட்டேகால் பாஸ்."

"பிழை. பதினாறரை."

மறுபடி எண்ணினேன். மறுபடியும் எட்டேகால். பாஸ் எண்ணத் தெரியாமல் சொல்லுகிறாரோ என்று கூட நினைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வலது சில்லையும் தூக்கி, அதிலும் ஒரு கோடு போட்டு, அண்ணனை அதன் பக்கம் உட்கார வைத்தார். இப்போது நான் பதினாறரை சுற்றுச் சுற்றியபோது இரண்டு சில்லும் சேர்ந்து ஏறக்குறைய ஒவ்வொரு சுற்று வந்தன. அண்ணன் வலது சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார். உடனே இடது சில்லு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. விட்டார், இரண்டும் பகிர்ந்துகொண்டன.

முதலாம் கியரின் விகிதம் 3.628. பின்பக்க அச்சில் இருக்கும் பற்சில்லுகளின் விகிதம் 4.555. பெருக்கினால் பதினாறரை. எஞ்சின் பதினாறரை சுற்றுச் சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்று வரும். வேகத்தை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகத் தள்ளும் பலத்தை வாங்குகிறோம். இது ஒரு பண்டமாற்று. நாலாம் கியரில் அதே எஞ்சினுக்கு நாலரைச் சுற்றுத்தான் கிடைக்கிறது. வேகம் உண்டு, தள்ளும் பலம் இல்லை. அம்பிட்டிய ஏற்றத்தில் நாலாம் கியரில் வந்தவர்கள் திணறி நின்று மூன்றுக்கும் இரண்டுக்கும் இறங்கியதன் கணக்கு இவ்வளவுதான்.

என் எட்டேகாலும் பிழையில்லை. தரையில் நின்ற சில்லு அசையாததால், அதன் பங்கையும் சேர்த்துத் தூக்கிய சில்லே சுற்றியிருக்கிறது. அதைச் செய்தது டிஃபரன்ஷல். இரண்டு பின் சில்லுகளுக்கும் நடுவே வயிறு பெருத்துத் தொங்கும் அந்தப் பெட்டிக்குள் நான்கு சிறு பற்சில்லுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கின்றன. வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஒரே இரும்புத் தண்டில் இரண்டையும் பூட்டிவிட்டால் ஒரு டயர் ரோட்டில் உரசித் தேய்ந்தபடிதான் திரும்பும். மலைநாட்டுக் கொண்டை ஊசி வளைவில் வண்டி முழுதாகத் திரும்பி வந்த திசையைப் பார்க்கிறது என்று வையுங்கள். மைனரின் இரண்டு பின் சில்லுகளுக்கும் நடுவே 1.28 மீட்டர் அளவு இடைவெளி. அந்த ஒரு வளைவில் வெளிச்சில்லு உட்சில்லைவிட 4 மீட்டர் அளவு கூடுதலாக ஓடுகிறது. வளைவு சிறிதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் அந்த 4 மீட்டர் மாறாது. இதை முதன்முறை கணக்குப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் 1827இல், பெற்றோல் எஞ்சினே பிறக்காத காலத்தில், நீராவி வண்டிக்காக யோசித்து வைத்த பொறிமுறை இது.

இதற்கு ஒரு குறையும் உண்டு. தோட்டத்து லொறி டிரைவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால் எஞ்சினின் சுழற்சியெல்லாம் அந்தச் சில்லுக்கே போகும். மற்றது நல்ல தரையில் நின்றும் அசையாது. சாக்கை மடித்து சில்லுக்கு அடியில் திணிப்பதும், ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்து வழுக்கும் சில்லைக் கட்டுப்படுத்துவதும் நான் அப்பாவின் தோட்டத்து ரோட்டில் பலமுறை பார்த்தவை. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது அந்தச் சோக்குக் கோட்டுக்குப் பிறகுதான் விளங்கியது.

இனி பிரேக். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1980ஆம் ஆண்டின் முற்பகுதி. ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் மொரிஸ் பிரேக் வேலைக்கு வந்திருந்தது. பாஸ் வேறு எஞ்சினில் மூழ்கியிருந்ததால் வேலை என்னிடம் வந்தது. எனக்கு ஒரே பெருமை. நான்கு டிரம்மையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஷூக்களை அட்ஜஸ்ட் பண்ணி, ஒயில் ஊற்றி, ஒவ்வொரு சில்லாகக் காற்று எடுத்தேன். பிரேக் ஒயில் என்பது பெயருக்குத்தான் ஒயில். உண்மையில் அது எண்ணெயே இல்லை. எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிப்போகும். திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது. காலால் பெடலில் கொடுக்கும் அழுத்தத்தை அப்படியே குறையாமல் நான்கு சில்லுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பஸ்காலின் விதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். குழாயில் ஒரு குமிழ் காற்று இருந்தாலும் போதும், பெடல் பஞ்சை மிதித்தது போலாகிவிடும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் காற்றை எடுப்பதில் நான் கவனமாகவே இருந்தேன். பெடல் கல்லுப் போல நின்றது.

தவறு வேறு இரண்டு இடத்தில் நடந்தது. ஷூக்கள் டிரம்மை லேசாக உரசும்படி இறுக்கமாக வைத்துவிட்டேன். இறுக்கினால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது என் நினைப்பு. இரண்டாவது, நான் ஊற்றிய ஒயில் தட்டில் மூடி சரியாக இல்லாமல் பல மாதம் கிடந்த தகரத்திலிருந்து எடுத்தது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடுபனியும் மழையுமான ஊரில் திறந்து கிடந்த ஒயில் எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்குத் தெரியவும் இல்லை.

மாலையில் ஆசிரியர் வந்தார். வண்டியை ஓட்டிப் பார்ப்போம் என்று மூவரும் ஏறினோம். அவர் ஓட்ட, பாஸ் பக்கத்தில், நான் பின்னால். தலாத்துஓயாப் பக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, அம்பிட்டியவைக் கடந்து வாவியை நோக்கி இறங்கினோம். ஆசிரியர் நாலாம் கியரிலேயே, பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினார். பேசிக்கொண்டே வந்தார். "மூணுக்குப் போடுங்க சேர்" என்றார் பாஸ். "இப்பதானே பிரேக் செஞ்சிருக்கு" என்று ஆசிரியர் சிரித்தார். இன்னும் இரண்டு வளைவு. அந்த வாடை வந்தது. அது எங்கள் வண்டியிலிருந்தே வருகிறது என்று எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது.

"பெடல் கீழ போகுது" என்றார் ஆசிரியர். அவர் குரல் அவருடையதாக இல்லை. கால் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை.

"கிளச்ச மிதிங்க. ஸ்டியரிங்க மட்டும் பாருங்க." பாஸின் வலது கை கியர் லீவரில் இருந்தது. நாலிலிருந்து மூன்று. "கிளச்ச விடுங்க." எஞ்சின் உறுமியது, வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலிருந்தது. "திரும்ப மிதிங்க." இரண்டு. உறுமல் அலறலானது. அதற்குள் இடது கை குறுக்கே வந்து இருக்கைகளுக்கு நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரேயடியாக இழுக்கவில்லை. இழுத்திருந்தால் பின் சில்லுகள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றிருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளில் ஓடுவது. அதற்கும் ஒயிலுக்கும் சம்பந்தமில்லை. இடது சில்லுகளைக் கானுக்குள் இறக்கி, மண் திட்டில் உரசி, வண்டி நின்றது.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கீழே வாவியில் மாலை வெளிச்சம் படிந்திருந்தது. பாஸ் இறங்கி என்னை முன் சில்லுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். "தொடாத. கையக் கிட்டக் கொண்டு போ." உள்ளங்கையை நீட்டினேன். அரை அடி தூரத்திலேயே அடுப்பங்கரை. தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். "ஊத்தினா டிரம் வெடிக்கும். இருந்து ஆறட்டும்" என்றார்.

அரை மணித்தியாலம் இருந்தோம். பிறகு ஆசிரியர் ஏறி பெடலை மிதித்தார். கல்லுப் போல நின்றது! எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. சூட்டில் ஒயிலுக்குள் இருந்த ஈரம் கொதித்து ஆவியாகி, குமிழாகி, பெடலைப் பஞ்சாக்கியது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது. ஒன்றுமே நடக்காதது போல. இதனால்தான் விபத்துக்குப் பிறகு வண்டியைப் பரிசோதித்தால் பிரேக் நன்றாக இருப்பதாகத் தோன்றும். டிரைவர் பொய் சொல்லுவதாகவும் தோன்றும்.

மறுநாள் பாஸ் அந்த ஒயிலை முழுதாக இறக்கினார். பிளேன்டீ நிறத்தில் வடிந்தது. தட்டில் கிடந்த தகரத்தை எடுத்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். திட்டவில்லை. மிச்சமிருந்ததைப் பலா மரத்துக்கு அப்பால் கொட்டிவிட்டு, வெற்றுத் தகரத்தை என் கையில் கொடுத்தார். அந்த நாட்களில் ஒரு தகரம் பிரேக் ஒயில் எங்களுக்குச் சின்னச் செலவல்ல. ஆசிரியரிடம் பழி தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "புத்தா, ஏறின கியர்ல எறங்கணும். கடுகண்ணாவை எறக்கத்துல லொறி ஓடின காலத்துல எங்களுக்கு அதுதான் பிரேக்."

அந்த வாக்கியத்துக்கு உள்ளே இருந்த கணக்கை நான் பின்னால் மொரட்டுவையில் பயிற்சிக்குப் போனபோதுதான் போட்டுப் பார்த்தேன். 1959இல் ஜேர்மன் உதவியோடு தொடங்கிய அந்த நிறுவனத்தை எல்லோரும் ஜேர்மன் டெக் என்பார்கள். கராஜில் வளர்ந்த பையனுக்கு அது பல்கலைக்கழகம். மொரிஸும் ஆட்களுமாக 1000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கினால் 10 இலட்சம் ஜூலுக்குக் கொஞ்சம் குறைந்த சக்தி வெளிப்படுகிறது. சாதாரணச் சூட்டிலுள்ள 3 லீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் அது முழுவதும் எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பெரும்பகுதி நான்கு இரும்பு டிரம்களில் ஏறும். டிரம்கள் எல்லாம் சேர்ந்து 10 கிலோ இரும்பு என்றால் சூடு 200 பாகைக்கு மேல் எகிறிவிடும், காற்று ஆற்றாவிட்டால். புதிய டொட் 3 வகை பிரேக் ஒயில் 205 பாகை வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் குடித்த ஒயிலுக்கு அதே விதி வைத்திருக்கும் எல்லை 140 பாகை. அதோடு, சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். லைனரின் பிடியும் தளரும். மூன்று வழியிலும் பிரேக் போகிறது. பத்துத் தொன் லொறிக்கு இந்தக் கணக்கைப் பத்தால் பெருக்க வேண்டும்.

கியரில் இறங்கினால் என்ன நடக்கிறது? அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காபரேட்டரின் தகடு மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் காற்றுக்குத் தவித்தபடி கீழே இறங்க வேண்டியிருக்கிறது. இப்போது எஞ்சின் சில்லை ஓட்டவில்லை. சில்லுதான் எஞ்சினை ஓட்டுகிறது. அன்று என் கட்டைவிரலைச் சப்பிய அந்த இழுவை நான்கு சிலிண்டரிலும் சேர்ந்து வண்டியைப் பிடித்து வைக்கிறது. அதில் பிறக்கும் சூடு ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெளியேறும். சூட்டை வெளியேற்றுவதற்கென்றே செய்த உறுப்புகள் அவை. டீசல் எஞ்சினில் அப்படி மூடும் தகடு வழக்கமாக இல்லை. அதனால் அதன் பிடி குறைவு. அதற்காகவே பெரிய லொறி, பஸ்களில் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் வைக்கிறார்கள்.

1979இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. எங்கள் ரோட்டில் பல டிரைவர்கள் பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கினார்கள். சிலர் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்கினார்கள். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது எரிபொருள் முழுதாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் நிற்காமலிருக்க எரிபொருள் செலவாகிறது. மிச்சமென்று நினைத்துச் செய்வது செலவு, அதுவும் உயிரைப் பணயம் வைத்து. லைசென்ஸ் எடுக்க வருகிற பிள்ளைக்கு வீதிச் சின்னங்கள் அத்தனையும் மனப்பாடம். மலைநாட்டில் எந்தக் கியரில் இறங்குவது என்று கேட்டால் முழிக்கிறான். பள்ளத்தில் கிடக்கும் பஸ்ஸின் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் எனக்கு இது பொறுக்காது. பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று நான் சொல்லாத உறவினர் இல்லை.

பாஸ் காலமாகிப் பல வருடம். பலா மரம் நின்ற இடத்தில் இப்போது இரண்டு மாடிக் கட்டிடம். போன வருடம் அக்கா மகனின் ஹைபிரிட் காரில் அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு இறங்கினேன். முன்னால் இருந்த சிறிய திரையில் சில்லுகளிலிருந்து பற்றரியை நோக்கி அம்புக்குறி ஓடியது. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்தப் பத்து இலட்சம் ஜூலில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் டிரம்மில் எரித்துக் காற்றில் விட்ட அதே சக்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன மாமா?"

"ஒண்டுமில்ல. நீ கடுகண்ணாவை, றம்பொடைப் பக்கம் போகும்போது எப்பிடி எறங்குவ?"

"பிரேக்லதான். அதான் சார்ஜ் ஆகுதே."

"பற்றரி சின்னது. நீள இறக்கத்துல பாதி வழியிலயே நிறைஞ்சிடும். நிறைஞ்சா பிறகு சூடு எங்க போகும்?"

அவன் பதில் சொல்லவில்லை. டீக்குக் கீழே பீ என்று ஓர் எழுத்து லீவருக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டினேன். மூன்று வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறான். அதை ஒரு நாளும் தொட்டதில்லையாம். "போட்டுப் பாரு" என்றேன். போட்டான். அதுவரை சத்தமில்லாமல் வந்த கார் தொண்டையைத் திறந்தது. யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி தளர்ந்தது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

வாவிக்கரையில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையைத் தொடாமல் கிட்டக் கொண்டுபோனேன். அவனும் இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல், என் கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினான்.